தாம்பரத்து ரயில் டெல்லியில் நிற்கிறது

எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை ஒரு பழைய நீராவி இஞ்சினைத் தெற்கு ரயில்வே சில முறை ஓட்டிக் காட்டியிருக்கிறது. அந்த நாட்களில் பாதையோர மதில்களிலும் மேம்பாலங்களிலும் கூட்டம் அலைமோதும். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அப்பாக்கள் நிற்பார்கள். கையில் செல்போன் இல்லாத ஆளே இருக்க மாட்டார். கரும்புகை கக்கிக்கொண்டு வரும் அந்த இஞ்சினின் பெயர் 'எக்ஸ்பிரஸ்', எண் இ.ஐ.ஆர். 21. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-இல் செய்தது. ஜமால்பூரிலும் ஹௌராவிலும் நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றதை, 2010-இல் நம் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் உயிர்ப்பித்தார்கள். காணாமல்போன பாகங்களைத் தாங்களே செய்து மாட்டி, தண்டவாளத்தில் ஏற்றினார்கள். சாதாரண வேலையில்லை. பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கூட்டத்தில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அந்த இஞ்சின் வங்காளத்து ஈஸ்ட் இந்தியன் ரயில்வேக்காக வாங்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி, அதாவது 1,676 மில்லிமீட்டர் இருந்தால்தான் அது உருளும். எழும்பூரில் 1990-கள் வரை அப்படியொரு பாதையே கிடையாது. அங்கே ஓடியதெல்லாம் மீட்டர் கேஜ், வெறும் 1,000 மில்லிமீட்டர். அந்தப் பாதையில் ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகள் புகைந்தும் மின்னியும் ஓடி, மாம்பலத்தையும் குரோம்பேட்டையையும் தாம்பரத்தையும் ஊராக்கிய வண்டிகளில் ஒன்றுகூட இன்று அந்தப் பாதையில் ஓடவில்லை.

எங்கள் ஊர் ரயிலின் கதையை எழுத வேண்டும் என்று தோன்றியது அதனால்தான். அது ஏரிக்கரையோரம் ஓடிய ரயிலின் கதை.

மேயோ பிரபுவின் சிக்கனம்

தென்னிந்தியாவின் சின்ன ரயில் வறுமையில் பிறந்தது. 1861, 62-இல் நாகப்பட்டினத்துக்கும் திருச்சிக்கும் இடையே போட்டது அகலப் பாதைதான். ராயபுரத்திலிருந்து 1856-இல் ஆற்காட்டுப் பக்கம் கிளம்பியதும் அகலப் பாதைதான். அதன் பிறகு கல்கத்தாவில் கணக்குப் பார்த்தார்கள். அகலப் பாதைக்கு மைலுக்கு ஆகும் செலவு அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. 1870-இல் வைஸ்ராய் மேயோ பிரபு, இனிப் போடும் பாதைகளை ஒரு மீட்டர் அகலத்தில் போட்டால் போதும் என்று முடிவெடுத்தார். குறைந்த மண், குறுகிய பாலம், லேசான தண்டவாளம், சின்ன இஞ்சின் என்று எல்லாவற்றிலும் மிச்சம்.

1874-இல் கிரேட் சதர்ன் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. அது செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஏற்கெனவே போட்டிருந்த நாகை–திருச்சி அகலப் பாதையைப் பிடுங்கி மீட்டர் கேஜ் ஆக்கியது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாகத் தெற்கே இறங்கும் பாதை 1870-களின் பின்பாதியில் வந்தது. அதுவும் மீட்டர் கேஜ். நூறு வருடம் கழித்து அதே பாதைகளை மறுபடி பிடுங்கி அகலமாக்கினோம். இந்திய ரயில்வேயின் வரலாற்றில் பாதியை இப்படிப் போட்டதும் பிடுங்கியதுமாகவே எழுதிவிடலாம்.

ஏரிகளுக்கு நடுவே

செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. பெரிய நதி ஏதும் கை கொடுக்காத நிலத்தில், மழையைத் தேக்கி ஆண்டு முழுதும் வாழக் கற்றவர்கள் வெட்டிய ஏரிகள் அவை. ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்ததற்கு வரத்து. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரி கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும். மேற்கே முடிச்சூர்ப் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றுக்குப் போகும். இந்த இரண்டு போக்குகளுக்கும் நடுவே மேட்டைத் தேடித்தான் வெள்ளைக்கார என்ஜினீயர்கள் தண்டவாளம் போட்டார்கள். மேடு கிடைக்காத இடத்தில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பினார்கள். தண்ணீர் போகக் கீழே கல்வெர்ட், அதாவது சின்னப் பாலம் வைத்தார்கள்.

வடக்கிலிருந்து வருவோம். இன்று நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் லயோலா கல்லூரி. கொஞ்ச தூரத்தில் வள்ளுவர் கோட்டம். மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெருவின் நெரிசல். இவையெல்லாம் இருக்கும் இடத்தில் அன்று நீர்தான். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை பிறை வடிவில் வளைந்து கிடந்த அந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்றார்கள். கிழக்கே மவுண்ட் ரோடு, மேற்கே ரயில் பாதை. தெற்கே போகும் வண்டியில் இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தவருக்கு ஏரி கூடவே வந்துகொண்டிருக்கும்.

1923-இல் நகரம் தெற்கே நகர வேண்டும் என்று முடிவாகி, மாம்பலம் ஏரியை வடித்து மனை பிரித்தார்கள். தியாகராய நகர் பிறந்தது. நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் பெயரை வைத்தார்கள். நுங்கம்பாக்கத்துப் பகுதியும் பின்னால் தூர்ந்தது. ஏரி போனாலும் முகவரி போகவில்லை. நுங்கம்பாக்கத்தில் இன்றும் 'லேக் ஏரியா' இருக்கிறது, டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அந்த ரோட்டில் மாடிவீடு வாங்கியவர்கள் எந்த லேக்கை வியூ பண்ணுவது என்று கேட்டால், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜவுளிக்கடைகளைத்தான் காட்ட வேண்டும்.

இன்னும் தெற்கே வந்தால் பல்லாவரம் பெரிய ஏரி. இந்தப் பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் குனிந்து எடுத்து, இந்தியாவின் பழங்கற்கால வரலாற்றைத் தொடங்கி வைத்தார். ரயில் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு. அவர் பார்த்த ஏரியில் பாதிக்கு மேல் குப்பையைக் கொட்டினோம். மிச்சத்தைப் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை இரண்டாகப் பிளந்துவிட்டது.

தாம்பரம் தாண்டி இரும்புலியூர், பீர்க்கன்காரணை ஏரிகள். வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. பரனூர் தாண்டியதும் திடீரென்று பெட்டிக்குள் வெளிச்சம் கூடும். கொளவாய் ஏரி. இரண்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பு. அதன் ஓரத்தை ஒட்டியே செங்கல்பட்டு வரை தண்டவாளம் போகிறது. எட்டத்தில் குன்றுகள், நடுவில் வலை வீசும் படகு, கரையோரம் சிறகு விரித்து வெயில் காயும் நீர்க்காகங்கள். விஜயநகரத்தார் கட்டிய செங்கல்பட்டுக் கோட்டைக்கு இந்த ஏரிதான் ஒரு பக்கத்துக் காவல். 1752-இல் கிளைவ் பிடித்த கோட்டை அது. கோட்டை இன்று இடிபாடு. ஏரி மட்டும் அந்த வழியில் போகிறவர்களைச் செல்போனிலிருந்து தலை நிமிர வைக்கிறது. சென்னைப் புறநகர் ரயிலில் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு வசூலாகும் இடம் எது என்று என்னைக் கேட்டால், இந்தச் சில நிமிடங்களைத்தான் சொல்வேன்.

கரியும் தண்ணீரும்

நீராவி இஞ்சின் என்றால் எல்லோரும் கரியைத்தான் நினைப்பார்கள். உண்மையில் அதற்கு அடிக்கடி வேண்டியது தண்ணீர். கரி தீருவதற்குள் தண்ணீர் பல முறை தீர்ந்துவிடும். அதனால் முக்கிய ஸ்டேஷன்களில் பிளாட்பாரக் கோடியில் ஒரு இரும்புத் தூண் நிற்கும். அதன் கை, பாதைக்கு மேலே திரும்பும். நுனியில் ஒரு குழாய்ப்பை தொங்கும். ஃபயர்மேன், கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் மேல் ஏறி, அந்தக் கையை இழுத்துத் தொட்டி வாயில் வைத்து, கீழே இருப்பவரை வால்வைத் திருப்பச் சொல்வார். தண்ணீர் விழும் ஓசை பெட்டிகள் வரை கேட்கும். அதற்குள் பயணிகள் இறங்கிக் காபி குடித்துவிடுவார்கள். ஓடும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர் கண்ணில் கரித்தூள் விழுந்தே தீரும். வெள்ளை வேட்டி ஊர் போய்ச் சேரும்போது வெள்ளையாக இருக்காது.

இந்தப் பாதையின் பெருமை 'போட் மெயில்'. எழும்பூரில் ஏறினால் கொழும்பில் இறங்கலாம். நடுவில் கப்பல். முதலில் தூத்துக்குடியிலிருந்து கப்பல் போனது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குச் சின்னக் கடல் தாண்டல். தோட்டத் தொழிலாளியும் நகைக்கடைச் செட்டியாரும் சிவில் சர்வீஸ் துரையும் அதே ஒற்றை மீட்டர் பாதையில், வேறு வேறு வகுப்புகளில் போனார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே போனது. கடலோடு அந்தத் தொடர்பும் போயிற்று.

அந்தப் போக்குவரத்துக்குத் தகுந்த வாசலாக, ஹென்றி இர்வின் வரைந்த சிவப்புக் கட்டடம் 1908-இல் எழும்பூரில் திறந்தது. சின்ன ரயிலுக்குப் பெரிய அரண்மனை.

1931: கம்பி வந்தது

பம்பாயில் மின்சார ரயில் 1925-இல் ஓடிவிட்டது. சென்னைக்கு ஆறு வருடம் கழித்து, 1931-இல் வந்தது. பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை 29 கிலோமீட்டர், 1,500 வோல்ட் நேர்மின்சாரம். ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லி தொடங்கி வைத்தார். மீட்டர் கேஜில் மின்சார வண்டி இந்தியாவில் அதுதான் முதல். துறைமுகத்திலிருந்து தாம்பரம் வரை சரக்கு இழுக்க இங்கிலாந்திலிருந்து நான்கு மின் இஞ்சின்கள் வந்தன. வொய்.சி.ஜி. 1 என்று பின்னாளில் பெயர் பெற்றவை.

அன்றைய தாம்பரத்தை இன்று கற்பனை செய்வது கடினம். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் ஏரி, நடுவே ஒரு கிராமம். காற்று நன்றாக இருக்கிறது என்றுதான் 1928-இல் டாக்டர் சவுரிமுத்து இங்கே காசநோய் சானடோரியம் தொடங்கினார். இங்கிலாந்தில் கணித மேதை ராமானுஜனுக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். அந்த ஆஸ்பத்திரியின் பெயர்தான் இன்று ஸ்டேஷன் பெயர். பீச்சுக்குப் போகிற கூட்டத்தில் பாதிப்பேர் 'சானடோரியம்' என்று தினமும் சொல்கிறார்கள், ஏன் என்று யோசிப்பதில்லை. குரோம்பேட்டையும் அப்படித்தான். குரோம் லெதர் கம்பெனி வைத்ததால் வந்த பெயர். பெரிய மாற்றம் 1937-இல் நடந்தது. ஜார்ஜ் டவுன் நெரிசலில் இருந்த மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி, சேலையூர்க் காட்டில் 375 ஏக்கருக்குக் குடிவந்தது. மின்சார ரயில் இல்லாமல் நகரத்து மாணவர்களை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி அவ்வளவு தூரம் வரத் துணிந்திருக்காது என்பது என் கணக்கு.

அதன்பின் தாம்பரம் நிற்கவில்லை. விமானப்படைத் தளம், குடியிருப்புக் காலனிகள், ஏற்றுமதி மண்டலம், எல்லாம் ஸ்டேஷனைச் சுற்றி வளர்ந்தன. 1960-களில் நேர்மின்சாரம் போய் 25,000 வோல்ட் மாறுமின்சாரம் வந்தது. கம்பி விழுப்புரம் வரை நீண்டது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலை செய்த மீட்டர் கேஜ் மின்தொடர்கள் ஓடின.

அந்தப் பெட்டிகளில் போனவர்களுக்கு அவற்றின் குறுகல் உடம்பிலேயே பதிந்திருக்கும். மீட்டர் கேஜ் பெட்டியின் அகலம் சுமார் 2.74 மீட்டர். இன்று ஓடும் அகலப்பாதை மின்தொடருக்கு 3.66 மீட்டர். எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்தால் முட்டியோடு முட்டி உரசும். நடுவில் நிற்பவரின் டிபன் கேரியர் உட்கார்ந்திருப்பவர் மடியில் தானாக வந்து அமரும், அதை அவர் கிண்டி வரை பத்திரமாகப் பிடித்துக்கொள்வார். தெரியாதவர் மடியில் பையை வைப்பது அந்த ரயிலில் மரியாதைக் குறைவே இல்லை. காலை வண்டிகளில் சீட்டுக்கச்சேரியும் பஜனையும் ஒரே பெட்டியில் நடக்கும். மல்லிகைப்பூ, கடலை மிட்டாய், சட்டைப் பொத்தான், 'குழந்தைகள் ஆங்கிலம் கற்க' முப்பது பக்கப் புத்தகம் எல்லாம் அந்த நெரிசலுக்குள் எப்படியோ விற்றுவிடும்.

ரயில் ஜனத்தைக் கொண்டுவந்தது, ஜனம் ஏரியைத் தின்றது. ஏரியில் மனை வாங்கியவர்களில் பலர் ஏமாந்தவர்கள். ஆனால் அரசு அலுவலகங்களும் சாலைகளும் பஸ் டிப்போக்களும் ஏமாந்து போய் ஏரியில் உட்காரவில்லை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் மாடி வரை தண்ணீர். படகு வந்துதான் ஆட்களை மீட்டது. சிட்லபாக்கத்தில் மிச்சமிருந்த ஏரியை ஊர்க்காரர்களே மனுப்போட்டு, சுத்தம் செய்து, போராடிக் காப்பாற்றியதற்கு அந்த மழையும் ஒரு காரணம்.

பிடுங்கிய கதை

1992-இல் ரயில்வே 'யூனிகேஜ்' திட்டத்தை அறிவித்தது. நாடு முழுக்க ஒரே அகலம். சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றும் வீண்வேலை ஒழிய வேண்டும் என்பது நியாயமான காரணம். மீட்டர் கேஜ் இருந்திருந்தால் இன்று தாம்பரத்தில் ஏறும் கூட்டத்தில் பாதியைக்கூட ஏற்றியிருக்க முடியாது. மாற்றியது சரிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசி மீட்டர் கேஜ் மின்சார வண்டி 2004 ஜூலை 1 அன்று ஓடியது. எழுபத்துமூன்று வருடச் சேவை. அதன் பிறகு பெட்டிகள் பெரும்பாலும் பழைய இரும்பாய்ப் போயின. 1931-இல் வந்த நான்கு மின் இஞ்சின்களில் ஒன்று தப்பித்து, புது டெல்லியின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சாணக்யபுரியில் பள்ளிக் குழந்தைகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தாம்பரம்–பீச் பாதையில் சரக்கு இழுத்த இஞ்சினை டெல்லிக்காரர்கள் பார்க்கிறார்கள். கல்கத்தா பக்கத்து இஞ்சினை நாம் மதில் ஏறிப் பார்க்கிறோம். மரபைப் பாதுகாப்பதில் இப்படியும் ஒரு பண்டமாற்று.

தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் மிஞ்சியிருப்பது ஒரே இடத்தில். மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயில். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. 1899-இல் குன்னூரை எட்டி, 1908-இல் உதகைக்குப் போனது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பல்சக்கரம் வைத்து ஏறும் அந்தச் செங்குத்தில் அகலப் பாதை போட முடியாது. அந்த முடியாமைதான் அதைக் காப்பாற்றியது. உதகை ஏரியைத் தொட்டுத்தான் அந்தப் பாதை நகருக்குள் நுழைகிறது. ஆனால் நீராவி இஞ்சின் வழக்கமாகக் குன்னூரோடு நின்றுவிடும், மேலே டீசல். ஏரிக்கரையில் வழக்கமாக நீராவிப் புகை விட்டுப் போகும் ரயில் இன்று தமிழ்நாட்டில் கிடையாது.

வேல்ஸ் நாட்டில் இருக்கிறது. பாலா என்ற ஊரின் ஏரிக்கரையில் பெரிய ரயில் பாதை ஒன்று இருந்தது. 1965-இல் மூடிவிட்டார்கள். தண்டவாளம் இல்லாமல் கிடந்த அந்தக் கரையில் ஆர்வலர்கள் சேர்ந்து, 1972-இல் இரண்டடி அகலத்தில் ஒரு குட்டிப் பாதை போட்டார்கள். ஸ்லேட் கல் குவாரிகளில் கல் இழுத்து ஓய்ந்திருந்த சின்ன நீராவி இஞ்சின்களைக் கொண்டுவந்தார்கள். அவையும் நம் 'எக்ஸ்பிரஸ்' போல லீட்ஸில் பிறந்தவைதான். ஏரியோரமாக ஏழு கிலோமீட்டர் போய்த் திரும்புகிறது. அதைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்கள். அங்கே அகலத்தை எடுத்துக் குறுகலைப் போட்டார்கள். நாம் குறுகலை எடுத்து அகலத்தைப் போட்டோம். அதில் தவறில்லை. ஒரு கிலோமீட்டர்கூட நினைவுக்கு வைக்கவில்லை என்பதுதான் குறை.

கைத்திறன் இல்லையா? இருக்கிறது. திருச்சி பொன்மலைப் பணிமனை, நீலகிரிக்கான எக்ஸ் வகுப்பு மீட்டர் கேஜ் இஞ்சின்களை முழுக்கப் புதிதாகவே செய்துவிட்டது. முதலில் எண்ணெயில் எரிபவை, 2021-இல் கரியில் எரியும் ஒன்று. நீராவி இஞ்சினை இன்றைக்கும் அடியிலிருந்து கட்டத் தெரிந்த கைகள் உலகில் அதிகமில்லை. அவை நமக்கு முந்நூறு சொச்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன.

இடம் இல்லையா? பாதைக்குப் பக்கத்தில் ரயில்வேக்குச் சொந்தமான நிலம் இருக்கிறது. கொளவாய் ஏரிக்கரையில் இரண்டு கிலோமீட்டர் மீட்டர் கேஜ் போதும். பல்சக்கரம் வேண்டாம், சமதளத்துக்குப் பொன்மலை ஒரு எளிய இஞ்சின் செய்யட்டும். பழைய பெட்டிகள் இரண்டு மூன்றைப் புதுப்பிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் குடும்பத்தோடு செங்கல்பட்டு போய், ஏரிக்கரையில் கரி இஞ்சினில் ஒரு சுற்று வர யார் மாட்டேன் என்பார்கள்? ரயில் வந்தால் ஏரிக்கும் ஒரு காவல். வேடிக்கை பார்க்க ஜனம் வரும் கரையில் குப்பை லாரி அவ்வளவு சுலபமாக வராது.

அதற்கு முன் ஒரு சின்ன காரியம். 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. தாம்பரம் ஸ்டேஷன் நகரின் மூன்றாவது ரயில் முனையமும் ஆகிவிட்டது. டெல்லியில் நிற்கும் அந்த வொய்.சி.ஜி. இஞ்சினைத் திருப்பிக் கேளுங்கள். கொடுத்தால், முனையத்தின் வாசலில், அது ஓடிய மீட்டர் அகலத் தண்டவாளத் துண்டின் மேலேயே நிறுத்துங்கள். நாடாளுமன்ற உறுப்பினரும் மேயரும் சேர்ந்து ரயில்வே அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். அந்தக் கடிதத்தை அவர்கள் எழுதும்படி கேட்க வேண்டியது, தினமும் அந்தப் பாதையில் போய்வருகிற நாம்.